பூனைக்கும் நாய்க்கும் ஃபெரோமோன் மெஷின் வாங்கலாமா?

கேள்வி சுருக்கமாக இதுதான். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்தவரை ஒரு தொந்தரவும் தராத பூனை, புதுச்சேரி லாஸ்பேட்டைக்கு வீடு மாறிய மூன்றாவது வாரத்திலிருந்து ஜன்னல் திரையிலும் சோபா ஓரத்திலும் மூத்திரம் அடிக்கிறது. ஆண் பூனை, மூன்று வயது, கருத்தடை ஆகிவிட்டது. கூடவே ஆறு வயது நாட்டு நாய் ஒன்று. தெருவில் வெடிச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் புகுந்து நடுங்குகிறது. வெடி நின்ற பிறகும் ஒரு மணி நேரம் சாப்பிடாமல், எச்சில் வடிய அப்படியே கிடக்கிறது. பிளக்கில் மாட்டுகிற ஃபெரோமோன் மெஷின் (ஓர் உயிர் தன் இனத்துக்குச் சேதி சொல்ல விடுகிற பொருளின் நகலைக் காற்றில் பரப்புவது) ஒன்றைக் கடைக்காரர் காட்டி, இரண்டுக்கும் இதுவே போதும் என்றாராம். விலை சில ஆயிரம். "வாங்கலாமா, இல்லை ஏமாற்று வேலையா? பினாயில் போட்டு தினமும் இரண்டு வேளை துடைத்தும் நாற்றம் போகவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள்.

ஏமாற்று வேலை இல்லை. ஆனால் இரண்டுக்கும் ஒன்று போதும் என்று சொன்னது தப்பு. பூனைக்கானது நாய்க்கு ஒன்றும் செய்யாது, நாய்க்கானது பூனைக்கு ஒன்றும் செய்யாது. உங்கள் பூனைக்கு வாங்கலாம், ஆனால் இன்றைக்கு வேண்டாம். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது சில இருக்கிறது. நாய் விஷயம் வேறு, கடைசியில் வருகிறேன். புதுச்சேரியில் இருபது வருடத்துக்கு மேலாக நாய், பூனை பார்க்கிறவன் நான். இந்த மெஷினை நானே சிலருக்கு வாங்கச் சொல்லியிருக்கிறேன், அதைவிட அதிகம் பேருக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

பெயர்தான் புதிது, சமாசாரம் நம் ஊருக்குப் புதிதில்லை. பண்ருட்டிப் பக்கம் மல்லாட்டை (நிலக்கடலை) கொல்லையில் குச்சி நட்டு, புனல் மாதிரி ஒரு மூடியும் கீழே நீளமான பாலித்தீன் பையும் தொங்கவிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இனக்கவர்ச்சிப் பொறி. மூடிக்குள் விரல் நுனி அளவு ரப்பர் துண்டு ஒன்று இருக்கும். அதில் ஏற்றியிருப்பது பெண் அந்துப்பூச்சி ஆணைக் கூப்பிட விடுகிற வாசனையின் நகல். ஆண் பூச்சி தேடி வந்து பையில் விழும். பக்கத்தில் நிற்கிற நமக்கு ஒரு வாசனையும் தெரியாது. வேறு இனப் பூச்சியும் சீண்டாது. 1959-ல் ஜெர்மன் விஞ்ஞானி அடால்ஃப் புடெனான்ட் ஏறக்குறைய ஐந்து லட்சம் பட்டுப்பூச்சிகளிலிருந்து இப்படி ஒரு பொருளை முதன்முதலாகப் பிரித்தெடுத்தார். அதே வருடம்தான் ஃபெரோமோன் என்ற சொல்லும் உருவானது. 'கவர்ச்சி' என்ற சொல் நம் மனதில் ஒட்டிக்கொண்டதால் இதெல்லாம் இணை சேருவதற்கு மட்டும் என்று நினைத்துவிடுகிறோம். எறும்பு வரிசையாகப் போவதும் இதை வைத்துத்தான். தாயின் மடியில் குட்டி அடங்குவதிலும் இதற்குப் பங்கு உண்டு. ஓர் உயிர் தன் இனத்துக்கு எழுதி வைக்கிற சீட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சீட்டைப் படிக்க மூக்கு மட்டும் போதாது. பூனைக்கும் ஆட்டுக்கும் மாட்டுக்கும் மேலண்ணத்துக்கு மேலே, மூக்குக்கும் வாய்க்கும் நடுவில், இதற்கென்றே ஓர் உறுப்பு உண்டு. 1813-ல் டென்மார்க்கின் லுட்விக் ஜேக்கப்சன் விவரித்ததால் அவர் பெயரில் ஜேக்கப்சன் உறுப்பு என்கிறோம். கிடா பெட்டையின் மூத்திரத்தை மோந்துவிட்டு, கழுத்தைத் தூக்கி மேலுதட்டைச் சுருட்டிப் பல்லைக் காட்டி நிற்குமே, அது சிரிப்பில்லை, காற்றை அந்த உறுப்புக்குள் இழுக்கிறது. பூனை அவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்யாது. வாயை அரைகுறையாகப் பிளந்து, ஏதோ கெட்ட சேதி கேட்ட மாதிரி இரண்டு வினாடி அப்படியே உறைந்து நிற்கும். யானை துதிக்கை நுனியால் தரையைத் தொட்டு மேலண்ணத்தில் ஒற்றிக்கொள்ளும். (மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமி 2022 நவம்பர் 30-ல் இறந்துபோனதிலிருந்து யானை என்று எழுதினாலே எங்கள் ஊர்க்காரர்களுக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிடும். இருந்தாலும் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை: பெண் யானையின் மூத்திரத்தில் இருக்கிற ஃபெரோமோனும் பல அந்துப்பூச்சிகள் பயன்படுத்துகிற ஒன்றும் அச்சு அசலாக ஒரே வேதிப்பொருள் என்று 1996-ல் கண்டுபிடித்தார்கள். அதற்காக யானையைத் தேடி அந்துப்பூச்சி வருவதில்லை.)

சரி, பூனைக்கு வருவோம். மஞ்சக்குப்பம் வீட்டைக் காலி செய்தபோது கவனித்திருப்பீர்கள். பீரோவின் மூலை, கதவு நிலையின் விளிம்பு, சமையலறைத் திட்டின் ஓரம், இங்கெல்லாம் தரையிலிருந்து ஒரு சாண், ஒன்றரைச் சாண் உயரத்தில் பழுப்பாக, லேசான பிசுக்கோடு ஒரு கறை இருந்திருக்கும். அழுக்கு என்று நினைத்திருப்பீர்கள். பூனை போகும்போதும் வரும்போதும் கன்னத்தைத் தேய்த்துத் தேய்த்து உண்டாக்கியது அது. கன்னத்திலும் மோவாயிலும் உள்ள சுரப்பிகளின் கசிவு அதில் ஏறியிருக்கிறது. இது என் இடம், இங்கே பயமில்லை என்று தனக்குத் தானே எழுதிக்கொண்டது. பூனையின் பட்டா, சிட்டா எல்லாம் அந்தக் கறைதான்.

பிரான்ஸ் நாட்டுக் கால்நடை மருத்துவர் பாட்ரிக் பாஜே இந்தக் கசிவைத்தான் ஆராய்ந்தார். அதில் ஐந்து கூறுகளைப் பிரித்து எஃப் 1, எஃப் 2 என்று எண் கொடுத்தார். மேசை, கதவு, சுவர் என்று பொருள்களின்மேல் தேய்ப்பது எஃப் 3. பூனை எங்கே கன்னத்தைத் தேய்க்கிறதோ அங்கே மூத்திரம் அடிப்பதில்லை. அப்படியானால் அந்த எஃப் 3-ஐ நாமே செய்து வீட்டில் பரப்பினால் என்ன? அப்படி வந்ததுதான் 1996-ல் விற்பனைக்கு வந்த ஃபெலிவே. உள்ளே இருப்பது பெரும்பாலும் கொழுப்பு அமிலங்கள். மல்லாட்டை எண்ணெயில் ஏராளமாக இருக்கிற ஒலியிக் அமிலமும் அதில் ஒன்று. இதைச் சொன்னதும் ஒருவர் "அப்படியானால் கதவில் கடலை எண்ணெய் தடவிவிடவா டாக்டர்?" என்று கேட்டார். தடவினால் எறும்புதான் வரும். எந்த அமிலம் எந்த அளவில் சேர்கிறது என்பதில்தான் சேதியே இருக்கிறது. எழுத்தெல்லாம் தெரிந்தால் மட்டும் கடிதம் ஆகிவிடாது.

இது மயக்க மருந்தில்லை. ரத்தத்தில் கலப்பதில்லை, தூக்கம் வராது, பழக்கமாகிவிடாது. மாட்டின உடனே பூனை சாதுவாகிச் சோபாவில் படுத்துவிடும் என்று எதிர்பார்த்தால் ஏமாந்து போவீர்கள்.

உங்கள் பூனைக்கு என்ன நடந்திருக்கிறது என்று பாருங்கள். பட்டா சிட்டா எல்லாம் பழைய வீட்டில் போயிற்று. புது வீட்டில் புது பெயின்ட். பூனை ஒவ்வொரு மூலையாகத் தேய்த்து மறுபடி எழுத ஆரம்பிக்கிறது. நீங்கள் தினமும் இரண்டு வேளை பினாயில் போட்டு அதை அழிக்கிறீர்கள். கன்னத்தால் எழுதியது நிற்கவில்லை, எனவே இன்னும் பெரிய எழுத்தில், மூத்திரத்தால் எழுதுகிறது. இந்த நிலையில் சில ஆயிரம் கொடுத்து மெஷின் வாங்கி மாட்டினால், பூனை சும்மா தருவதை அழித்துவிட்டு அதையே கடையில் வாங்குகிற கதையாகிவிடும்.

பினாயிலில் வேறு ஆபத்தும் இருக்கிறது. நம் உடம்பு எளிதாக முறித்து வெளியேற்றுகிற பல பொருள்களைப் பூனையின் ஈரலால் முறிக்க முடியாது. ஈரத் தரையில் நடந்து காலை நக்கினால் அது வயிற்றுக்குள் போகும். கறுப்பு பினாயிலோ வெள்ளையோ, பூனை இருக்கிற வீட்டில் எதுவும் வேண்டாம். (அதே காரணத்தால், மனிதருக்குக் கொடுக்கிற பாராசிட்டமால் ஒரே ஒரு மாத்திரை பூனையின் உயிரை எடுத்துவிடும். காய்ச்சல் போலிருக்கிறது என்று கால் மாத்திரை கொடுத்தேன் என்று வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.) அமோனியா வாடையுள்ள கிளீனரும் வேண்டாம், அது பூனை மூக்குக்கு மூத்திரத்தைப் போலவே இருக்கும். மூத்திரம் அடித்த இடத்தை மட்டும் முதலில் பழைய துணியால் ஒற்றி எடுங்கள். பிறகு என்சைம் உள்ள துணி சோப்புத் தூளை வெந்நீரில் கரைத்துத் துடைத்து, நல்ல தண்ணீரால் அலசி, காய்ந்த பிறகு சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள். சோபாத் துணியில் சாயம் போகிறதா என்று மறைவான மூலையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். கன்னம் தேய்க்கிற மூலைகளை ஒரு மாதத்துக்குத் தொடவே தொடாதீர்கள். விருந்தாளி பார்த்தால் பார்க்கட்டும்.

அதற்கும் முந்தின வேலை ஒன்று உண்டு, இதை ஒத்திப்போட வேண்டாம். பூனை எப்படிப் போகிறது என்று போனில் வீடியோ எடுங்கள். நின்றபடி, பின்பக்கத்தைச் சுவருக்குக் காட்டி, வாலைச் செங்குத்தாகத் தூக்கி, வால் நுனி துடிக்கத் துடிக்கக் கொஞ்சமாகப் பீய்ச்சினால் அது எல்லை போடுவது. கருத்தடை செய்த ஆண் பூனையிலும் ஏறக்குறைய பத்தில் ஒன்று இதைச் செய்யும், எனவே "ஆபரேஷன் சரியாகச் செய்யவில்லையோ" என்று சந்தேகப்பட வேண்டாம். குந்தி உட்கார்ந்து தரையிலோ மெத்தையிலோ போனால் அது வேறு: லிட்டர் பாக்ஸ் (பூனை வெளிக்குப் போகிற மணல் தட்டு) பிடிக்கவில்லை, அல்லது மூத்திரப் பையில் வலி. திரையில் இருப்பது பீய்ச்சியது மாதிரி தெரிகிறது. சோபா ஓரம் எதுவாகவும் இருக்கலாம், அதனால்தான் வீடியோ கேட்கிறேன்.

ஆண் பூனை அடிக்கடி லிட்டர் பாக்ஸுக்கு ஓடி, முக்கி, கத்தி, அடியை நக்கிக்கொண்டே இருந்து, ஒரு சொட்டும் வரவில்லை என்றால் அது நடத்தைக் கோளாறே இல்லை. குழாய் அடைத்திருக்கிறது. மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துவிட்டு மறுநாள் மாலை தூக்கி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்குள் பாதிக்கு மேல் காலம் கடந்திருக்கும். ஒன்று, இரண்டு நாளில் உயிர் போகிற சங்கதி இது. நடு ராத்திரி ஆனாலும் கிளம்புங்கள்.

வீடியோவில் பீய்ச்சுவதுதான் என்று உறுதியானால், ஜன்னல் திரையை ஏன் தேர்ந்தெடுத்தது என்று யோசியுங்கள். எனக்கு இதுதான் உங்கள் கேள்வியிலேயே பெரிய துப்பு. சுவர், கதவு, கட்டில்கால் எல்லாம் இருக்க, பூனை ஜன்னல் பக்கம் போய் அடிக்கிறது என்றால் வெளியே யாரோ இருக்கிறார்கள். லாஸ்பேட்டையில் காம்பவுண்டுச் சுவர்தான் தெருக் கடுவன்களின் நெடுஞ்சாலை. ராத்திரி பதினொரு மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு அந்த ஜன்னலிடம் பத்து நிமிடம் நின்று பாருங்கள். ஒரு தடித்த கன்னமுள்ள கடுவன் வந்து நின்றால் விஷயம் தெரிந்துவிட்டது. ஜன்னலின் கீழ்ப்பாதியில் பழுப்புத் தாளோ மங்கல் ஸ்டிக்கரோ ஒட்டி மறையுங்கள், வெளிச்சுவரில் அது அடித்த இடத்தையும் கழுவுங்கள், அந்தப் பக்கம் தெருப் பூனைக்கு யாராவது மீன் தலை போட்டால் இடத்தை மாற்றச் சொல்லுங்கள். இதை மட்டும் செய்து சரியான பூனைகள் உண்டு.

வீட்டுக்குள்ளே: ஒரு பூனைக்கு இரண்டு லிட்டர் பாக்ஸ், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டாம், நாய் எட்டாத இடத்தில். உயரமான இடம் ஒன்று, பீரோ மேல் ஆனாலும் சரி. பழைய வீட்டிலிருந்து வந்த மூட்டையில் பூனை படுத்த போர்வை துவைக்காமல் இருந்தால் அதை எடுத்து விரியுங்கள். துவைத்தாயிற்று என்றால் பழைய பருத்தி சாக்ஸைக் கையில் மாட்டிக்கொண்டு, பூனை சொக்கிப்போய் இருக்கிற நேரமாகப் பார்த்துக் கன்னத்திலும் மோவாயிலும் தடவிவிட்டு, அதை அலசிக் காய வைத்த சோபா ஓரத்தில் பூனை மூக்கு உயரத்தில் ஒற்றி எடுங்கள். தினமும் ஒரு முறை. செலவு ஒன்றுமில்லை. பூனை பிடிவாதம் பிடித்தால் விட்டுவிடுங்கள், பிடித்து அமுக்கித் தடவினால் பயத்தைத்தான் ஒற்றி எடுப்பீர்கள்.

இதையெல்லாம் செய்து மூன்று வாரம் ஆன பிறகும் நிற்கவில்லையா, அப்புறம் மெஷின் வாங்குங்கள். பார்த்தால் கொசு மெஷின் போலவே இருக்கும்: கீழே சின்ன பாட்டில், நடுவில் திரி, மேலே சூடாகிற வளையம். அதன் பாட்டிலைக் கொசு மெஷினில் திருகி மிச்சம் பிடிக்க வேண்டாம், இரண்டின் சூடும் வேறு. ஒரு மெஷின் 50 முதல் 70 சதுர மீட்டர் வரை தாங்கும் என்று போட்டிருப்பார்கள், நம் கணக்கில் 540 முதல் 750 சதுர அடி. ஒரு பாட்டில் 30 நாள் வரும், 24 மணி நேரமும் ஓட வேண்டும், ராத்திரி அணைத்துக் கரண்டை மிச்சம் பிடிக்கக் கூடாது. சோபாவுக்குப் பின்னாலும் திரைக்கு அடியிலும் மேசைக்குக் கீழும் மாட்டினால் ஆவி அங்கேயே அடைந்து நின்றுவிடும். திறந்த சுவர், பூனை அதிகம் புழங்குகிற அறை, அதுதான் இடம்.

இந்தக் கணக்கெல்லாம் குளிருக்குக் கதவு ஜன்னல் சாத்தி வாழ்கிற ஊருக்குப் போட்டது. நம் ஊரில் நாலு ஜன்னலும் திறந்து, மேலே ஃபேன் ஐந்தில் சுற்றுகிறது. கடல்காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகிறது. அந்தக் கூடத்தில் மெஷினை மாட்டினால் பக்கத்து வீட்டுப் பூனைக்கு வேண்டுமானால் உபயோகமாக இருக்கலாம். முத்தியால்பேட்டையில் நடுவில் முற்றம் திறந்த பழைய வீட்டில் ஒருவர் மூன்று பாட்டில் தீர்த்த பிறகுதான் என்னிடம் கேட்டார். ஏசி போட்டுக் கதவு சாத்துகிற படுக்கையறையைப் பூனைக்கான அறையாக்கி, அங்கே மாட்டினால் அர்த்தம் உண்டு. எப்போதும் திறந்த கூடம்தான் என்றால் வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

ஸ்ப்ரேயும் உண்டு. கூண்டில் வைத்துப் பூனையை ஆஸ்பத்திரிக்கோ ரயிலிலோ கொண்டுபோகும்போது அடிப்பது, நாலைந்து மணி நேரம் தாங்கும். இதில் நான் செய்த கூத்தைச் சொல்லிவிடுகிறேன். முதல் பாட்டில் கைக்கு வந்த புதிதில், வந்திருந்த பூனைக்கு உபகாரம் செய்கிறேன் பேர்வழி என்று கூண்டுக்குள் எட்டு அழுத்து அழுத்திவிட்டு உடனே அதை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினேன். அது நுரை கக்கி, கம்பியைப் பிறாண்டி, என் புறங்கையில் மூன்று கோடு போட்டது. ஸ்ப்ரே ஆல்கஹாலில் கரைத்தது. அந்த நெடி போக 15 நிமிடமாவது காற்றாட விட வேண்டும் என்று டப்பாவிலேயே எழுதியிருந்தது. பூனையின் சொந்தக்காரம்மா ஒன்றும் சொல்லவில்லை, டெட்டால் பஞ்சை எடுத்து நீட்டினார்.

உண்மையிலேயே பலன் உண்டா என்பதற்கு நேராகப் பதில் சொல்கிறேன். 2010-ல் ஓர் ஆய்வுக் குழு அதுவரை வந்த ஆய்வுகளைப் பிரித்து மேய்ந்துவிட்டு, பெரும்பாலானவற்றில் போதிய ஆதாரம் இல்லை என்று எழுதியது. மறு வருடம், பூனை மூத்திரம் பீய்ச்சுவதை மட்டும் எடுத்துக்கொண்ட இன்னொரு தொகுப்பாய்வு, வெறும் போலி மருந்தைவிட ஃபெரோமோன் மேல் என்றது. பதற்றத்தைக் குறைக்கிற ஃப்ளுவாக்ஸெட்டின், க்ளோமிப்ரமின் மாத்திரைகளுக்கும் அதில் நல்ல பலன் தெரிந்தது. ஆய்வுகள் பலவற்றுக்குத் தயாரிப்பாளரே பணம் கொடுத்திருக்கிறார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். என் அனுபவம் இரண்டுக்கும் நடுவில். பீய்ச்சுவது, வீடு மாறிய மிரட்சி, இரண்டு பூனைக்குள் முறைப்பு, இதிலெல்லாம் மற்ற வேலைகளோடு சேர்ந்தால் கொஞ்சம் கைகொடுக்கிறது. தனியாக நின்று ஜெயித்ததை நான் பார்த்ததில்லை. எனவே மாட்டிய நாளிலிருந்து, பூனை அடிக்கிற ஒவ்வொரு முறைக்கும் தினக் காலண்டர் தாளில் ஒரு கோடு போடுங்கள். பரவாயில்லை போலிருக்கிறது என்று மனசு சொல்வதை நம்பாதீர்கள், பணம் கொடுத்த மனசு அப்படித்தான் சொல்லும். முதல் வாரத் தாளையும் நாலாம் வாரத் தாளையும் பக்கத்தில் வைத்தால் தெரிந்துவிடும். குறையவில்லை என்றால் இரண்டாவது பாட்டில் வாங்காமல் டாக்டரிடம் மாத்திரை பற்றிப் பேசுங்கள்.

வாங்கும்போது ஒன்று. ஃபெரோமோனுக்கு நம் மூக்குக்குத் தெரிகிற மணமே கிடையாது. திறந்ததும் லாவெண்டரோ யூகலிப்டஸோ கமகம என்று வந்தால் அது மூலிகை எண்ணெய், 'பெட் காமிங்' என்று எவ்வளவு பெரிய எழுத்தில் போட்டிருந்தாலும். இந்த ஊரில் வாசனை எண்ணெய்க்குப் பஞ்சமில்லை. தெருவுக்கு ஒரு கடையில் அரோமா டிஃப்யூசர் வைத்திருக்கிறார்கள். டீ ட்ரீ, யூகலிப்டஸ், எலுமிச்சை வகை எண்ணெய்கள் பூனைக்கு விஷம். கற்பூரமும் அந்துருண்டையும் அந்தப் பட்டியல்தான்.

இப்போது நாய். நாய்க்கான ஃபெரோமோன் வேறு தாயிடமிருந்து வந்தது, நிஜமாகவே தாயிடமிருந்து. குட்டி போட்டு மூன்று முதல் ஐந்து நாளுக்குள் தாய் நாயின் முலைகளுக்கு நடுவிலுள்ள தோல் சுரப்பிகளில் ஒன்று ஊறத் தொடங்கும். பால் குடிக்க வரும் குட்டிகள் அதில் அடங்கும். அதன் நகல்தான் அடாப்டில் என்ற பெயரில் வருகிறது. ஃபெரோமோனைப் பிடித்துச் சீட்டு படிக்கும் வாங்கிகளில் (ரிசெப்டர்) ஒரு முக்கியக் குடும்பத்தின் மரபணுக்கள் பூனைக்கு இருபதுக்கு மேல். நாய்க்குப் பத்துக்கும் குறைவு. இதனாலேயே நாய்க்கு இந்த வழி எவ்வளவு வேலை செய்யும் என்று விவாதம் நடக்கிறது. இருந்தாலும் 2015-ல் பீகிள் நாய்களுக்கு இடியோசைப் பதிவைப் போட்டுப் பார்த்த ஆய்வில், இந்த நகலை ஏற்றிய கழுத்துப்பட்டை அணிந்தவை அணியாதவற்றைவிடக் குறைவாகப் பயந்தன.

நாய்க்கு வாங்குவதானால் பட்டைதான் வாங்க வேண்டும், மெஷின் இல்லை. காரணம் சொல்கிறேன். உங்கள் நாய் பயப்படுகிற வெடி எப்போது வரும்? தீபாவளிக்கு மட்டுமா? தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று அரசு நேரம் குறித்திருக்கிறது, தெருவில் யார் கடிகாரம் பார்க்கிறார்கள்? ஜூலை 14-ஐ ஒட்டிக் கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுக்காரர் வாணவேடிக்கை, மாசிமகத்தில் வைத்திக்குப்பம், புத்தாண்டு ராத்திரி, எவராவது வார்டில் ஜெயித்தால் சரவெடி. எல்லாவற்றையும்விட சாவு ஊர்வலம். அதற்கு நாள் நட்சத்திரம் கிடையாது, மேளத்தோடு தெருமுனையில் திரும்பி உங்கள் வாசலிலேயே ஒரு கட்டு கொளுத்துவார்கள். நாய் நடைபோகும்போது மெஷின் கூடவே வராது. இன்னொன்று, இடி மின்னலுக்கும் பயப்படுகிற நாய்க்கு மெஷின் மிகவும் தேவைப்படுகிற ராத்திரியில் கரண்டு இருக்காது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூரைப் போட்டு அடித்ததும், 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் எங்கள்மேல் மணிக்கணக்கில் நின்று கொட்டியதும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பட்டைக்குக் கரண்டு வேண்டாம், நாயின் கழுத்துச் சூடே போதும். இரண்டு விரல் நுழைகிற அளவு, தோலில் படும்படி கட்ட வேண்டும். நாலு வாரம் வரும். நனைந்தால் வீரியம் போய்விடும், எனவே குளிப்பாட்டும்போது கழற்றுங்கள், சில்வர் பீச்சுக்குக் கூட்டிப்போனால் வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

ஆனால் நீங்கள் எழுதியிருக்கிற அளவுக்கு, வெடி நின்ற பிறகும் ஒரு மணி நேரம் நடுங்கி, சாப்பிடாமல், எச்சில் வடிய இருக்கிற நாய்க்குப் பட்டை மட்டும் போதாது. அதற்கு மருந்து வேண்டும், டாக்டர் எழுதிக் கொடுக்கிற மருந்து. இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய வழக்கமாக ஏசிப்ரோமசின் என்ற மயக்க மாத்திரையை மட்டும் கொடுப்பார்கள். நாய் கால் நீட்டிப் படுத்துவிடும், வீட்டுக்காரருக்கு நிம்மதி. ஆனால் பயம் உள்ளே அப்படியே இருக்கும். ஓட முடியாது, அவ்வளவுதான். அதை மட்டும் யாராவது எழுதிக் கொடுத்தால், பயத்தைக் குறைக்கிற கேபாபென்டின், ட்ரசோடோன் போன்றவை பொருந்துமா என்று தயங்காமல் கேளுங்கள். குரும்பாப்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது, லாஸ்பேட்டையிலிருந்து தூரம் ஒன்றும் இல்லை.

கட்டிலுக்கு அடியில் புகுந்தால் இழுக்காதீர்கள். வீட்டின் நடு அறையில், தெருவைப் பார்க்காத பக்கம், பழைய போர்வையால் மூடி ஒரு குகை செய்துவைத்து, ஃபேனும் டிவியும் ஓட விடுங்கள். அணைத்துத் தடவிக் கொடுத்தால் பயம் அதிகமாகும், கண்டுகொள்ளாமல் விடு என்று ஒரு பேச்சு உண்டு. அதை நம்ப வேண்டாம். பயம் பரிசு கொடுத்தால் வளர்கிற சாமான் இல்லை. அது பக்கத்தில் வந்து ஒண்டினால் தாராளமாக அணைத்துக்கொள்ளுங்கள். சத்தமில்லாத மாதங்களில் போனில் வெடிச் சத்தத்தை மிகச் சன்னமாக வைத்து, கூடவே கறித்துண்டு கொடுத்து, வாரக்கணக்கில் சத்தத்தைக் கூட்டிப் பழக்கலாம். பொறுமை வேண்டும், அவசரப்பட்டு ஒரு நாள் அதிகமாக வைத்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

மருந்து என்று முடிவானால் தீபாவளிக்கு ஒரு மாதம் முன்னதாக டாக்டரைப் பாருங்கள். அமைதியான ஒரு நாளில் கொடுத்துப் பார்த்துத்தான் அந்த நாய்க்கு எவ்வளவு என்று அளவைத் தீர்மானிக்க முடியும். முதல் நாள் இரவு எட்டு மணிக்கு, பின்னால் சரவெடி கேட்க, "டாக்டர், ஏதாவது ஒரு மாத்திரை பெயர் சொல்லுங்கள்" என்று வருஷா வருஷம் போன் வருகிறது. அந்த நேரம் என் வீட்டு நாயும் பாத்ரூம் வாளிக்குப் பின்னால்தான் இருக்கும், நானும் அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருப்பேன்.